செல்வி போட்ட கணக்கு

போன மாதம், நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து இரண்டு இளம் ஆசிரியைகள் டெல்லி துவாரகாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். "சென்னியப்பன் சாரைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க மேடம். நம்ம ஸ்கூல்ல கால்குலஸ் ஆரம்பிச்சு வெச்சவர் அவர்தானாமே? ஃபர்ஸ்ட் பேட்ச்லயே எல்லாரும் பாஸாமே?" என்று கேட்டார்கள். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது நடந்ததில் கால்வாசிகூட இல்லை. மிச்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கம். மதுரையில் எம்.எஸ்ஸி. கணிதமும் பி.எட்.டும் முடித்த கையோடு கல்யாணம். கணவருக்கு மத்திய அரசு வேலை. கோல் மார்க்கெட்டில் இரண்டு அறை அரசுக் குடியிருப்பு. வந்த மறு வருடமே பள்ளியில் சேர்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியை வேலை. ஆறாம் வகுப்புக்குப் பின்னமும் எட்டாம் வகுப்புக்குச் சமன்பாடும் நடத்திக்கொண்டு ஐந்து வருடம் ஓடியது. என் எம்.எஸ்ஸி. பட்டம் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

எழுபதுகளின் பின்பாதியில் டெல்லிப் பள்ளிகளில் பதினோரு வருடப் படிப்பு போய், பத்தும் இரண்டும் என்ற திட்டம் வந்தது. கல்லூரியில் இருந்த கால்குலஸ் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இறங்கி வந்தது. கணிதத் துறைத் தலைவர் சென்னியப்பன் சாருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது இருக்கும். கோயம்புத்தூர்க்காரர். குளிர்காலம் வெயில்காலம் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. வடிவியலில் அவரை அடிக்க ஆள் கிடையாது. காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் ஒரே சுழற்றில் வட்டம் போடுவார். தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியும். பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பஞ்சாபிப் பையன்கள்கூட வாய் திறக்காமல் பார்ப்பார்கள். யாரையும் அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். தப்பாகப் போட்ட பையனின் நோட்டை இரண்டு விரலால் தூக்கி, "இது யாருதுங்க?" என்று மரியாதையாகக் கேட்பார். அந்த மரியாதைக்குத்தான் எல்லோரும் நடுங்குவோம்.

புதுப் பாடப்புத்தகம் வந்த வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, நீங்க எம்.எஸ்ஸி.ங்களே?"

"ஆமா சார்."

"நான் இதையெல்லாம் படிச்சு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. பிரைவேட்டாப் பரீட்சை எழுதுனது. அப்பவே நெட்டுருதான். கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோணும். வெளியில தெரிய வேண்டாமுங்க."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன். ஊரே பயப்படும் மனிதர் என்னிடம் கேட்கிறார்.

நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை, நூலகத்தை அடுத்த அறையில் பாடம். கதவு திறந்தே இருக்கும். மேசை மேல் ஏழாம் வகுப்பு விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்திருப்பார். யாராவது வந்தால் இருவரும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொள்வோம். வகைக்கெழு என்றால் என்ன என்று முதலிலிருந்து தொடங்கினேன். ஒன்று மாறும்போது அதைச் சார்ந்த இன்னொன்று அந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் அது. x-ஐ h என்ற சின்ன அளவு நகர்த்த வேண்டும், வந்த வித்தியாசத்தை h-ஆல் வகுக்க வேண்டும், பிறகு h-ஐப் பூஜ்ஜியத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். மூன்று நாள் பொறுமையாகக் கேட்டார். நாலாம் நாள், x² என்றால் 2x, x³ என்றால் 3x², மேலே இருக்கும் அடுக்கு முன்னால் வந்து நிற்கும், அடுக்கில் ஒன்று குறையும் என்ற விதியைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே."

அப்புறம் சைன், காஸ். அதற்கும் அப்புறம் 2ˣ மாதிரி, அடுக்கிலேயே x வருபவை. அதற்கு வேறு விதி என்று ஆரம்பித்தபோது நோட்டை மூடிவிட்டார். "அடுக்கு ரூல்தான் வந்துபோச்சே. மிச்சத்தை நான் பாத்துக்கறேனுங்க." நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஐந்து மணி பஸ் போய்விட்டால் ஆறு மணிக்குத்தான் அடுத்தது. அன்று என் மனதில் பஸ்தான் இருந்தது.

மாணவர்களுக்கான குறிப்புகளையும் நான்தான் எழுதினேன். தட்டச்சில் அந்தக் குறிகள் வராது என்பதால் சைக்ளோஸ்டைல் தாளில் எழுத்தாணியால் கீறிக் கீறி முப்பது பக்கம். கட்டைவிரல் காய்த்துப்போனது. அச்சாகி வந்தபோது முகப்பில் அவர் பெயர் மட்டும் இருந்தது. தலைமையாசிரியை மல்ஹோத்ரா மேடம் அதைக் கூட்டத்தில் உயர்த்திக் காட்டி, "வாஹ், சென்னியப்பன்ஜி!" என்றார். உள்ளே இருப்பது என் கையெழுத்து என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினோராம் வகுப்பை என்னிடம் தள்ளினார்கள். சம்பளமும் பதவியும் பழையவைதான், வேலை மட்டும் மேல் வகுப்புக்கு. அடுத்த வருடம் அதே பிள்ளைகள் பன்னிரண்டுக்குப் போனதும் சார் எடுத்துக்கொண்டார். போர்டு தேர்வு அங்கேதானே.

அந்த முப்பத்தெட்டுப் பேரில் செல்வியும் இருந்தாள். அப்பா விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். அம்மா பச்சையம்மாள் கரோல் பாகில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குடிசைப் பகுதியில் வீடு. அந்தப் பகுதியிலிருந்து பதினோராம் வகுப்புக்கு வந்த முதல் பெண் அவள்தான்.

செல்வி கெட்டிக்காரி இல்லை. மெதுவாகப் போடுவாள். எந்த விதியையும் நம்ப மாட்டாள். x³-க்கு மற்றப் பிள்ளைகள் ஒரு வரியில் 3x² என்று எழுதிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் x-ஐ h நகர்த்தி, விரித்து, கழித்து, வகுத்து, அரைப் பக்கம் கடந்து 3x²-க்கு வந்து சேருவாள்.

"ஏம்மா, விதிதான் இருக்கே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"விதி மறந்துடும் டீச்சர். இது மறக்காது. எங்க காலனில ஒரே குழாதான் டீச்சர், காலைல ஒரு மணி நேரம்தான் தண்ணி வரும். பானை எவ்ளோ ரொம்பிச்சுன்றது வேற, இப்ப எவ்ளோ வேகமா ரொம்புதுன்றது வேற. வேகம் கொறைய ஆரம்பிச்சதுமே நான் சின்னக் குடத்தை வெச்சுருவேன். இல்லைன்னா பாதில நின்னுரும். அதானே டீச்சர் இது?"

எம்.எஸ்ஸி. வகுப்பில் என்னோடு படித்தவர்களில் எத்தனை பேருக்கு இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

ஜனவரியில் போர்டு தேர்வுக்கு முந்தைய பள்ளித் தேர்வு நடந்தது. மல்ஹோத்ரா மேடம் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்: இதில் தேறாதவர்களைப் போர்டுக்கு அனுப்ப மாட்டோம். முதல் வருடம், ஒருவர்கூடத் தோற்கக் கூடாது. கணக்கில் மூன்று பேர் விழுந்தார்கள். அதில் ஒருத்தி செல்வி. முப்பது மதிப்பெண். முப்பத்துமூன்று வேண்டும்.

மறுநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி விடைத்தாளை நீட்டினாள். "டீச்சர், இதை மட்டும் பாருங்க. எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியல."

2ˣ-இன் வகைக்கெழு காண்க. நாலு மதிப்பெண். வழக்கம்போல் முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். 2ˣ-ஐ வெளியே எடுத்து, உள்ளே மிஞ்சியதற்கு நான் பதினொன்றில் நடத்திய எல்லை மதிப்பைப் போட்டு, 2ˣ log 2 என்று முடித்திருந்தாள். ஒரு எழுத்துப் பிசகு இல்லை. அதன் மேல் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. ஓரத்தில் சார் கையால் சரியான விடை என்று எழுதியிருந்தது: x·2ˣ⁻¹.

அடுக்கை முன்னால் கொண்டுவந்து ஒன்றைக் குறைத்திருக்கிறார். அந்த விதி x அடியில் இருந்தால்தான் செல்லும். அடுக்கில் இருந்தால் செல்லாது. நான் ஐந்து மணி பஸ்ஸுக்காக விட்டுவிட்டுப் போன பாடம்.

"வெச்சிட்டுப் போ. நான் பாக்கறேன்," என்றேன்.

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் சார் தனியாக இருந்தார். டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, மூடி போட்டு, துணியில் சுற்றி முடிக்கும் வரை நின்றேன். பிறகு தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"சார், இந்தப் பொண்ணு போட்டிருக்கிறது சரி."

அவர் தாளைத் தொடவில்லை. "எப்படிங்க?"

"உங்க விடையில x-க்கு மைனஸ் ஒண்ணு போட்டுப் பாருங்க சார். மைனஸ்ல வருது. அப்படின்னா 2ˣ அந்த இடத்துல இறங்கணும். ஆனா மைனஸ் ரெண்டுல கால், மைனஸ் ஒண்ணுல அரை, பூஜ்ஜியத்துல ஒண்ணு. ஏறிக்கிட்டே தானே போகுது? இறங்கவே இல்லையே."

பேனாவை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் அவரே போட்டுப் பார்த்தார். இரண்டாம் முறையும் போட்டார். பிறகு அந்த ஓரத்தை மட்டும் நேராகக் கிழித்து, மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா அம்மணி?"

"இல்ல சார்."

"சொல்லிப்போடாதீங்க." பேனாவை மூடினார். "நான் கிளாஸ்ல இப்படித்தான் நடத்துனேன். மத்த பசங்கள்ல முக்கால்வாசிப் பேரு அதையேதான் எழுதி நாலு மார்க்கு வாங்கியிருக்காங்க. இதை இப்பத் திருத்துனா அவங்களுக்கெல்லாம் நாலு கொறைக்கோணும். கொறைச்சா எத்தனை பேரு விழுவாங்கன்னு நீங்களே சொல்லுங்க. ஒருத்திக்காக?"

"அவங்களுக்குக் கொறைக்க வேண்டாம் சார். இவளுக்கு நாலு போடலாமே."

"எப்படிங்க போடறது? ஒரே கேள்விக்கு ரெண்டு விடையும் சரின்னா? லிஸ்ட்டுல மேடம் கையெழுத்துப் போட்டாச்சு. அவங்க ஏன்னு கேட்டா நான் என்ன சொல்லோணும்?" குரலைத் தாழ்த்தினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "இந்த வருசத்தோட நான் ஓய்வுங்க. முப்பத்துரெண்டு வருசம் ஒருத்தரு என்னைக் குத்தம் சொன்னதில்லை. என்ற இடத்துக்கு உங்க பேரைத்தான் எழுதப் போறேன். அதை எழுதறதுக்கு நான் மரியாதையா இருக்கோணுமில்லைங்களா?"

தாளை எடுத்து மடித்துக்கொண்டேன். மணி அடித்தது.

கடைசிப் பீரியடில் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். விடைத்தாள் என் கைப்பையில் இருந்தது. "ஹாங், இந்திராணிஜி, போலியே," என்றார் மேடம், சொல்லுங்கள் என்று. அந்த அறைக்குள் போகும் வரை எனக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்திருந்தது. அவர் முன்னால் நின்றதும், ஏழு வருடமாக ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திய அலுப்பு அத்தனையும் கண்முன் வந்தது. வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அது அவரு கிளாஸு. நீ ஏன் தலையைக் குடுக்கற?" என்றார். அந்தப் பதில்தான் வரும் என்று தெரிந்துதான் அவரிடம் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் செல்வி வந்தபோது, "முடிவு பண்ணிட்டாங்கம்மா. அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதலாம்," என்றேன். அவள் கணக்கைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன். அன்றைக்கு அந்தப் பீரியடில் எனக்கு வகுப்பே இல்லை.

இரண்டு நாள் கழித்து பச்சையம்மாள் வந்தாள். வேலை செய்த கை ஈரத்தோடு இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். தமிழ் பேசுகிறவள் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

"எத்தினி மார்க்கும்மா கொறைஞ்சிது?"

"மூணு."

"மூணுதானா?" அவள் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தேன். பெரிய தப்பு எதுவும் இல்லை என்று நினைத்துவிட்டாள். "மூணு தானேம்மா. கீழ சிந்துனதைப் பொறுக்கிப் போடற மாதிரி போட்டுடக் கூடாதா?"

"என் கையில இல்லம்மா. அடுத்த வருஷம் எழுதட்டும்."

"அடுத்த வருசம் வரைக்கும் யாரும்மா வெச்சிருப்பாங்க? சொந்தத்துல கேட்டுக்கினே இருக்காங்க. பரீட்சை முடியட்டும், பரீட்சை முடியட்டும்னு நான்தான் தள்ளிக்கினு வந்தேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். நாலு மதிப்பெண் என் கைப்பையில் இருந்தது. அவளுக்கு மூன்றுதான் வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை நடந்ததுதான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது. நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சாரின் குரல் கணீரென்று கேட்டது. "போன வாரம் கரும்பலகையில் ஒரு சின்னத் தவறு வந்திருக்கிறது. எல்லோரும் திருத்திக்கொள்ளுங்கள். 2ˣ-இன் டெரிவேடிவ், 2ˣ log 2." அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். பிறகு அதை முதலிலிருந்து நிறுவியும் காட்டினார். சுண்ணக்கட்டி நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டது. h-ஐ நகர்த்தி, 2ˣ-ஐ வெளியே எடுத்து, எல்லை மதிப்பைப் போட்டு, செல்வி எழுதியிருந்த அதே வரிசையில். என் கைப்பையிலிருந்த தாளை அவர் சனிக்கிழமை கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்திருந்தார். முப்பத்தைந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். செல்வி அந்த வகுப்பில் இல்லை. அவளை நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது.

போர்டு தேர்வில் அப்படி ஒரு கேள்வி வந்ததாம். பிள்ளைகள் நன்றாக எழுதியதாகச் சொன்னார்கள். முப்பத்தைந்து பேரும் தேறினார்கள். சாருக்குப் பெரிய மாலை போட்டு, சால்வை போர்த்தி, வழியனுப்பு விழா நடந்தது. என்னைத்தான் நன்றியுரை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அவர் வாக்குத் தவறவில்லை. ஜூலையில் மேல்நிலை ஆசிரியை ஆனேன். பிறகு துறைத் தலைவர். போர்டுக்கு அனுப்பாமல் நிறுத்துகிறவர்கள் பட்டியலில் அதன்பின் வருடாவருடம் என் கையெழுத்தும் இருந்தது. செல்விக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது என்று நான் கொடி பிடித்ததாக யாராவது நினைத்தால், அப்படி எதுவும் இல்லை. விடைத்தாள்களை இரண்டு முறை பார்ப்பேன், அவ்வளவுதான். சாருக்கு நான் ஒரு முறைகூடக் கடிதம் எழுதவில்லை. ஊரில் அவர் இறந்துவிட்டார் என்று தகவல் வந்தபோது ஆசிரியர் அறையில் இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். அவரை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தை முழுதாக அவர் மேலேயே வைத்துக்கொள்ள முடிவதில்லை.

எட்டு வருடம் கழித்து, எண்பதுகளின் நடுவில், ஒரு குளிர்கால மத்தியானம் கரோல் பாக் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். "டீச்சர்!" என்று குரல். செல்வி. ஓரம் அடிக்கக் கொடுத்த பாவாடைகளைப் பெரிய மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் அந்த வருடமே ஆகிவிட்டதாம். இரண்டு பெண் குழந்தைகளாம். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதாம். எந்த வருத்தமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கக் கூடாது. அந்த டூ டு தி பவர் எக்ஸ் கணக்கு. நான் போட்டது சரியா, சார் போட்டது சரியா?"

"நீ போட்டதுதான் சரி."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எனக்குத் தெரியும் டீச்சர்! கல்யாணத்துக்கு அப்புறம்கூட எத்தினியோ தடவை போட்டுப் பாத்தேன். எங்கயும் இடிக்கல. ஆனா நானா நெனைச்சிக்கிறது வேற, நீங்க சொல்றது வேற இல்லையா?" சாதாரணமாகத்தான் கேட்டாள். "சாரு போனப்புறம்தான் அதைப் பாத்தீங்களா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு சுலபமான பதில்.

"இல்லம்மா. நீ குடுத்த அன்னிக்கே பாத்துட்டேன்."

அவள் என் கையை விடவில்லை. பிடி மட்டும் தளர்ந்தது. நான் சொன்னதைத் தன் வழக்கப்படி முதலிலிருந்து ஒவ்வொரு படியாகப் போட்டுப் பார்க்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மாடிப்படி, குழாயடியில் நின்ற அம்மா, கல்யாணம், எல்லாம். அவள் எப்போதும் மெதுவாகத்தான் போடுவாள். ஆனால் தப்பாக வந்து சேர்ந்ததில்லை.

"அச்சா," என்றாள், அப்படியா என்று.

பஸ் வந்தது. மூட்டையை முதலில் ஏற்றிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். நான் முக்கால் மணி நேரமாகக் காத்திருந்ததும் அதே பஸ்ஸுக்குத்தான். கண்டக்டர், "ஆயியே மேடம், ஜல்தி," என்று கூப்பிட்டார். வரவில்லை என்று தலையாட்டினேன்.